ஒரு புதிருக்கு மூன்று நாள்

கேள்வி: அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் குறுக்கெழுத்துப் புதிரை டீ குடித்து முடிப்பதற்குள் போட்டுவிடுகிறார். எனக்கு ஒரு புதிர் முடிய மூன்று நாள் ஆகிறது. அப்போதும் நாலு கட்டம் காலியாகக் கிடக்கும். ஆனாலும் அந்த மூன்று நாளும் எனக்குப் பிடித்திருக்கிறது. இது நேரத்தை வீணாக்குவதா? வேகமாகப் போடப் பழக வேண்டுமா?

பதில்:

வேண்டாம். உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதை விட்டுவிடாதீர்கள். நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளிப் பருவத்தில் வார இதழ்களின் புதிர்களில் தொடங்கி, பிறகு ஆங்கில இந்து நாளிதழின் புதிர், அப்புறம் தமிழில் சொல் விளையாட்டாக அமைக்கப்படும் க்ரிப்டிக் வகைப் புதிர்கள் என்று வந்து சேர்ந்தேன். இத்தனை காலத்துக்குப் பிறகும் ஒரு புதிர் எனக்கு இரண்டு நாளாவது ஓடுகிறது. ஓட வேண்டும் என்றுதான் விடுகிறேன்.

அந்த மூன்று நாளில் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்கிறேன். என்னைப் போலவே புதிர்ப் பித்துக் கொண்ட நண்பர் ஒருவர் அவ்வப்போது ஒரே ஒரு குறிப்பை எழுதி அனுப்புவார். ஒரு முறை இப்படி அனுப்பினார்: “கழுத்தில் விழும் பொழுது (2)”. அடைப்புக்குள் இருக்கும் 2, விடையில் எத்தனை எழுத்து என்பதைக் காட்டுகிறது. கழுத்தில் விழும்போது என்ன ஆகும்? கத்தியா, கயிறா, துண்டா? இரண்டு நாள் கத்தியையும் கயிற்றையும் விட்டு என் மனம் நகரவில்லை. மூன்றாம் நாள் மேஜை மேல் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் புரட்டினேன். “மாலை 6.30 மணியளவில் வரவேற்பு” என்று இருந்தது. அவ்வளவுதான். மாலை கழுத்தில் விழும், மாலை ஒரு பொழுது. ‘விழும் பொழுது’ என்பதை ‘விழுகிற சமயத்தில்’ என்று படித்தது என் பழக்கம். ‘பொழுது’ அங்கே தனியாக நின்று தன் சொந்தப் பொருளைச் சொல்லிக்கொண்டிருந்தது. பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தேன். மூன்று நிமிடத்தில் விடை தெரிந்திருந்தால் இந்தச் சிரிப்பு வந்திருக்காது. இரண்டு நாள் கத்தியோடு அலைந்தவனுக்குத்தான் மாலை விழுந்தது.

குறிப்பை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனால் விடை தானாக வருகிறதே, எப்படி என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். முதல் வாசிப்பில் நாம் புதிராசிரியர் போட்ட பாதையில் நடக்கிறோம். அந்தப் பாதை நம்மைத் தவறான ஊருக்குக் கொண்டுபோவதற்கென்றே போடப்பட்டது. உட்கார்ந்த இடத்திலேயே திரும்பத் திரும்பப் படித்தால், திரும்பத் திரும்ப அதே ஊருக்குத்தான் போவோம். தாளை மடித்து வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்வந்தால் பழைய பாதை கொஞ்சம் மறந்திருக்கும். சொற்கள் வேறு விதமாகப் பிரியும். தமிழில் இது இன்னும் அதிகம். நம் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருபவை. எங்கே பிரிக்கிறோம் என்பதில்தான் பொருளே இருக்கிறது.

இன்னொரு குறிப்பைப் பாருங்கள்: “அதிக விதைக்குள் ஒளிந்திருக்கும் புலவனின் விளைச்சல் (3)”. விவசாயம் மாதிரித் தோன்றும். ‘அதிக விதை’ என்பதை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அ, தி, க, வி, தை. முதல் இரண்டை மறைத்துவிட்டால் கவிதை நிற்கிறது. விடை குறிப்புக்குள்ளேயே கண் முன்னால் உட்கார்ந்திருந்தது. வேகமாகப் படிப்பவர் கண்ணுக்குச் சொல் தெரியும், எழுத்து தெரியாது. மெதுவாகப் படிப்பவருக்கு இரண்டும் தெரியும்.

சரி, இந்த வகைக் குறிப்புகளெல்லாம் இங்கிலாந்துச் சரக்கு, நமக்குப் புதிது என்று ஒரு எண்ணம் பலருக்கு இருக்கிறது. கட்டமும் எண்ணும் போட்டு அச்சில் வந்த புதிர் மேற்கிலிருந்து வந்ததுதான், மறுக்கவில்லை. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு என்ற பத்திரிகையில், லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்பவர் வைர வடிவக் கட்டத்தில் போட்டதுதான் முதலாவது என்று சொல்வது வழக்கம். ஆனால் குறிப்பை எழுதும் வித்தைகள் பலவற்றுக்கும் தண்டியலங்காரத்தில் ஒரு பெயர் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் அணியிலக்கண நூல் அது. அதில் சித்திரகவிகளை, அதாவது எழுத்தையும் சொல்லையும் வைத்து விளையாடும் பாட்டு வகைகளை, அடுக்கிக்கொண்டு போகும் பகுதியை ஒரு புதிர்க்காரன் கண்ணோடு படித்துப் பாருங்கள், திகைத்துப்போவீர்கள்.

ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுளின் எழுத்துகள் ஒளிந்திருந்தால் அது கரந்துறைச் செய்யுள். மேலே விதைக்குள் கவிதை ஒளிந்திருந்ததும் அதே வித்தைதான். ஒரு சொல்லிலிருந்து எழுத்தை நீக்க நீக்க வேறு வேறு பொருள் வந்தால் அது அக்கரச்சுதகம். “நடு வற்றிய கடலில் எறிய ஒன்று கிடைக்கும் (2)” என்று நான் ஒரு குறிப்பு எழுதினால், கடலின் நடு எழுத்தை எடுத்துவிட்டுக் கல்லைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். எழுத்தைச் சேர்க்கச் சேர்க்கப் பொருள் மாறினால் எழுத்து வருத்தனம். வருத்தனம் என்றால் இங்கே வளர்தல். இதற்கு நூல் காட்டும் வரிசை மிக அழகு. கம் என்றால் தலை, முன்னால் ஓரெழுத்து சேர்ந்தால் நகம், அதாவது மலை. இன்னொன்று சேர்ந்தால் கநகம், பொன். இன்னும் ஒன்று சேர்ந்தால் கோகநகம், தாமரை.

எனக்கு மிகவும் பிடித்தது வினாவுத்தரம். கேள்விகளாக அடுக்கி, விடைகளைச் சேர்த்தால் ஒரு பெயர் வரும்படி செய்வது. பூமகள் யார்? திரு. போகிறவனை அனுப்புகிறவன் என்ன சொல்வான்? ஏகு. சரத்துக்கு வேறு பெயர்? அம்பு. அழகுக்கு? அம். எல்லாம் சேர்ந்து, பிறை சூடியவன் விரும்பி உறையும் இடம் எது என்ற கடைசிக் கேள்விக்கு விடையாகிறது: திருவேகம்பம். காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர் கோயில். இன்றைய புதிராசிரியர் ஒருவர் இதை ஒரே வரியில் எழுதி ஏழு எழுத்து என்று போட்டால் யாரும் பழைய பாட்டு என்று சொல்ல மாட்டார்கள். “நடப்பதும் பேசுவதும் சேர்ந்த இடத்தில் தண்ணீர் ஓடும் (4)” என்று நான் எழுதுவதும் இதே குடும்பம். கால் நடக்கிறது, வாய் பேசுகிறது, கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது.

இரண்டு பொருள் தரும் குறிப்புக்கு நம்மிடம் சிலேடை இருக்கிறது, காளமேகப் புலவர் இருக்கிறார். திருப்பிப் படிப்பதற்கு, கடைசியிலிருந்து படித்தாலும் அதே பாட்டாக வரும் மாலைமாற்று இருக்கிறது. திருஞானசம்பந்தர் “யாமாமாநீ யாமாமா” என்று தொடங்கிப் பதிகம் முழுவதையும் அப்படியே பாடி வைத்திருக்கிறார். புதிரில் முழுப் பாட்டும் தேவையில்லை. “திரும்பிப் படி, ஈசனைக் கூப்பிடு (2)” போதும். படி என்றால் வாசி, வாசியைத் திருப்பினால் சிவா. எழுத்தைக் கலைத்துப் போடுவதற்கு ஓர் எடுத்துக்காட்டு: “நகரம் குழம்பினால் பாவிகள் போய்ச் சேருமிடம் (4)”. விடையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், கலைக்க வேண்டியது நடுவில் இரண்டு எழுத்துதான்.

இத்தனையும் சொன்னவன் சுழிகுளத்தைச் சொல்லாமல் போனால் பாவம். அதுவும் அதே நூலில் காட்டப்படும் சித்திரகவிதான். எட்டு எழுத்துக்கு ஓர் அடியாக நான்கு அடி. கட்டம் போட்டே எழுதிக் காட்டுகிறேன்:

க | வி | மு | தி | யா | ர் | பா | வே
வி | லை | ய | ரு | மா | ந | ற் | பா
மு | ய | ல் | வ | து | று | ந | ர்
தி | ரு | வ | ழி | ந் | து | மா | யா

முதல் வரியை இடமிருந்து வலமாகப் படியுங்கள்: கவிமுதியார்பாவே. இப்போது முதல் பத்தியில் மேலிருந்து கீழே இறங்குங்கள்: க, வி, மு, தி. அப்படியே கடைசிப் பத்திக்குப் போய்க் கீழிருந்து மேலே ஏறுங்கள்: யா, ர், பா, வே. அதே வரி! இரண்டாம் பத்தியில் இறங்கி ஏழாம் பத்தியில் ஏறினால் இரண்டாம் வரி. மூன்றாவது, நான்காவது வரிகளும் அப்படியே. குளத்து நீர் சுழித்து உள்ளே போவது போல எழுத்துகள் சுழன்று உள்ளே போகின்றன. வகுப்பில் இதைக் கரும்பலகையில் கட்டமாகப் போட்டுக் காட்டும்போதெல்லாம், தேர்வில் வராத பாடம் என்று தெரிந்தும் பிள்ளைகள் எழுந்து வந்து விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்ப்பார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். ல், ற், ந் என்ற புள்ளி வைத்த எழுத்துகள் ஒவ்வொன்றும் தனிக் கட்டத்தில் நிற்கின்றன. இன்றைய தமிழ்க் குறுக்கெழுத்தின் விதியும் அதுவே. ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம். கௌ ஒரு கட்டம், க் ஒரு கட்டம்.

இந்த விதியிலிருந்துதான் தமிழ்ப் புதிரின் தனிச் சுகம் பிறக்கிறது. ஆங்கிலத்தில் குறுக்கே வந்த விடையிலிருந்து ஓர் எழுத்து கிடைத்தால் 26-இல் ஒன்று கிடைத்ததாக அர்த்தம். தமிழில் 247-இல் ஒன்று. மூன்றெழுத்துச் சொல்லின் கடைசி எழுத்து ‘தை’ என்று தெரிந்துவிட்டால் கவிதையும் கழுதையும் பாதையும் கண்ணுக்கு முன் வரிசையில் நிற்கும். பாதையை எண்ணிப் பார்த்து, இரண்டெழுத்து என்று அனுப்பிவிடலாம். அதனால்தான் தமிழ்க் கட்டங்களில் சொற்கள் ஒன்றையொன்று அதிகம் வெட்டாவிட்டாலும் சமாளிக்க முடிகிறது. ஒரே எழுத்து அவ்வளவு சொல்லிவிடுகிறது.

புள்ளி எழுத்து கிடைத்தால் இன்னும் யோகம். நன்னூலில் மெய்ம்மயக்கம் என்று, எந்தப் புள்ளி எழுத்துக்குப் பின் எது வரலாம் என்று சொல்லும் ஒரு பகுதியைப் பள்ளியில் உருப்போட்டிருப்பீர்கள், எதற்கு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குறுக்கெழுத்துப் போடுகிறவருக்கு அது கைவிளக்கு. க், ச், த், ப் நான்கும் ஒரு சொல்லுக்குள் தம்மோடு மட்டுமே சேரும். கட்டத்தில் ‘த்’ விழுந்தால் அடுத்தது த, தா, தி வரிசைதான், வேறு எதுவும் வராது. ‘ட்’ விழுந்தால் ட வரிசை வரலாம், க, ச, ப வரிசைகளும் வரலாம்: பாட்டு, கேட்க, ஆட்சி, நட்பு. ‘ற்’ கிடைத்தாலும் இதே போல: காற்று, நிற்க, முயற்சி, கற்பு. ‘ங்’ வந்தால் அடுத்த கட்டத்தில் க வரிசையை எழுதிவிட்டே யோசிக்கலாம். ர், ழ் இரண்டும் இரட்டிக்கவே இரட்டிக்காது. சொல்லின் கடைசிக் கட்டத்தில் வல்லின மெய் நிற்காது, முதல் கட்டத்தில் எந்த மெய்யும் நிற்காது. இவை பழைய தமிழ்ச் சொற்களுக்கான விதிகள். கிரிக்கெட்டும் பட்ஜெட்டும் புதிருக்குள் வந்துவிட்டால் விதியைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும். உங்கள் பக்கத்து இருக்கைக்காரருக்கும் இதெல்லாம் உள்ளுக்குள் தெரிந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு விதியும் வேலை செய்வதை நின்று பார்க்க அவருக்கு நேரம் இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

மெய் முதலில் நிற்காது என்பது புதிரைப் போடுகிறவருக்குக் கைவிளக்கு என்றால், அமைப்பவருக்குத் தலைவலி. குறுக்கே ஓடும் சொல்லில் ‘ம்’ இருக்கும் கட்டத்திலிருந்து கீழே எந்தச் சொல்லையும் தொடங்க முடியாது. நம் வார இதழ்ப் புதிர்களில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பதோடு நிற்காமல் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று நான்கு திசைக் குறிப்புகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ‘ம்’ என்று முடியும் சொல்லைக் கீழிருந்து மேலாக எழுதிவிட்டால் அந்த ‘ம்’ மேலே உள்ள சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு சொல்லை வலமிருந்து இடமாக எழுதிப் பார்ப்பது சிறுவயதில் எனக்குப் பெரிய வேடிக்கை. எழுதும்போதே அந்தச் சொல் அந்நியமாகிவிடும், முடித்துவிட்டுத் திருப்பிப் படித்தால் மறுபடி நம்முடையதாகிவிடும்.

அந்த இதழ்களில் விடை பெரும்பாலும் அடுத்த வாரம்தான் வரும். எங்கள் வீட்டில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பைப் படிப்பார், நானும் அக்காவும் தரையில். “குளிர்ச்சி தரும் பழம், அஞ்செழுத்து” என்பார். அக்கா ஒன்று சொல்வாள், நான் ஒன்று சொல்வேன், அம்மா அடுப்படியிலிருந்து சரியான விடையைச் சொல்வார். எதிலும் ஒத்துவராத ஒரு கட்டம் வாரம் முழுக்க எங்களோடு இருக்கும். பள்ளிக்கூடம் போகும் வழியில் அக்கா திடீரென்று நின்று ஒரு சொல்லைச் சொல்வாள். வீட்டுக்குப் போய் எழுத்தை எண்ணிப் பார்க்கும்வரை இருவருக்கும் பரபரப்பு. ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருந்ததால்தான் அந்தப் புதிர் வீடு முழுக்கப் பரவியது. இன்று செயலியில் ஒரு பொத்தானைத் தொட்டால் தப்பான எழுத்து சிவப்பாகிவிடுகிறது. அதைத் தொடாதீர்கள் என்பது மட்டும்தான் நான் உங்களுக்குக் கண்டிப்பாகச் சொல்வது. தப்பான எழுத்தோடு அரை நாள் இருந்து, அது ஏன் ஒத்துவரவில்லை என்று நாமே கண்டுபிடிப்பதில் பாதிச் சுகம் இருக்கிறது.

வேகத்தை நான் குறை சொல்லவில்லை. அது வேறு ஒரு விளையாட்டு, அதற்கும் பெருமையான வரலாறு உண்டு. 1942 ஜனவரியில், போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், லண்டன் டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை தன் புதிரைப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் போட முடிகிறதா என்று அலுவலகத்திலேயே ஒரு போட்டி வைத்தது. அதன் பிறகு கலந்துகொண்ட சிலருக்கு ராணுவத் துறையிலிருந்து அழைப்பு வந்தது, எதிரியின் சங்கேதச் செய்திகளை உடைத்துப் படித்த பிளெட்ச்லி பார்க்கில் வேலை. அந்தப் போட்டியில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. எல்லாருக்கும் முன்னால் முடித்தவர் ஒரு சொல்லை எழுத்துப் பிழையோடு எழுதியிருந்ததால் பரிசை இழந்தார்.

நேரத்தை வீணாக்குவதா என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் கேள்வி புதிரின் வயதுக்குக் கிட்டத்தட்டச் சமமான பழைய கேள்வி. 1924-இல் அமெரிக்காவில் குறுக்கெழுத்துப் பைத்தியம் பரவியபோது, முதல் புதிர்ப் புத்தகத்தைப் பென்சிலோடு சேர்த்து விற்றார்கள். அதே ஆண்டு நியூயார்க் டைம்ஸ் இதைப் பயனற்ற வேலை, நேரத்தைப் பாழாக்கும் காரியம் என்று சாடி எழுதியது. பதினெட்டு ஆண்டு கழித்து, 1942 பிப்ரவரியில், அதே பத்திரிகை தானும் புதிர் போடத் தொடங்கியது. அமெரிக்கா போருக்குள் இழுக்கப்பட்டு இரண்டு மாதம் சற்றே கடந்திருந்தது அப்போது, நான் சொல்வது பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியதற்குப் பிந்தைய நாட்கள். புதிர்ப் பகுதியின் முதல் ஆசிரியராக வந்த மார்கரெட் ஃபரார், குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டே நம் கவலைகளை நினைக்க முடியாது என்று எழுதியிருக்கிறார். மருத்துவமனை வராந்தாவில் பல இரவுகள் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் இது எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியும். அங்கே நான் ஒரே புதிரை ஆறு நாள் வைத்திருந்தேன். முடித்துவிடக் கூடாது என்று பயந்து பயந்து போட்டேன்.

மெதுவாகப் போடுகிறவர்களுக்கென்றே அமைந்துபோன ஒரு புதிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் கார்டியன் பத்திரிகையில் அராகேரியா என்ற புனைபெயரில் ஐம்பது ஆண்டுக்கு மேல் புதிர் அமைத்தவர் ஜான் கிரஹாம் என்ற பாதிரியார். 2013 ஜனவரியில் வந்த அவருடைய புதிர் ஒன்றின் தலைப்பில் ஒரு வரி இருந்தது. அராகேரியாவுக்கு இந்த எண்ணில் உள்ளது இந்த எண்ணில் உள்ள இடத்தில் வந்திருக்கிறது, அதற்கு இந்த இரண்டு எண்களில் உள்ள சிகிச்சை நடக்கிறது என்று, வெறும் எண்களாக. வாசகர்கள் வழக்கம் போல எழுத்து எழுத்தாக நிரப்பிக்கொண்டு போனார்கள். புற்றுநோய் என்று ஒரு விடை வந்தது. உணவுக்குழாய் என்று இன்னொன்று. வலிதணிப்புச் சிகிச்சை என்று மற்றவை. பல பத்தாண்டுகள் தங்களோடு விளையாடியவர், தன் முடிவு நெருங்குவதைத் தாங்கள் இருவருக்கும் பழகிய மொழியிலேயே சொல்லிவிட்டார். அவருக்கு அப்போது வயது 91. அந்த ஆண்டு நவம்பரில் காலமானார். செய்தியாகப் படித்தால் ஒரு வரி. அன்று அந்தக் கட்டங்களை நிரப்பியவர்களுக்கு அது குறுக்கிலும் நெடுக்கிலும் ஒவ்வோர் எழுத்தாக வந்து சேர்ந்தது. பென்சிலை நிறுத்தி, இது இந்தச் சொல்லாக இருக்கக் கூடாதே என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்!

இனி உங்கள் மூன்று நாளுக்குச் சில யோசனைகள். தாளில் போடுங்கள், பென்சிலால் போடுங்கள். முதல் நாள் எல்லாக் குறிப்புகளையும் ஒரு முறை முழுக்கப் படித்துவிட்டு, உடனே தெரிந்தவற்றை மட்டும் எழுதிவிட்டுத் தாளை மடித்து வையுங்கள். படித்துவிடுவது முக்கியம், நீங்கள் சமைக்கும்போதும் பேருந்தில் நிற்கும்போதும் மனம் மென்றுகொண்டிருக்க அதற்கு ஏதாவது வேண்டுமல்லவா? க்ரிப்டிக் வகையில் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ விடையின் நேர்ப்பொருள் இருக்கும். எந்த முனை என்று யோசிப்பதையே ஒரு மாலை நேர வேலையாக வைத்துக்கொள்ளலாம். சிக்கிக்கொண்டால் குறிப்பை வாய்விட்டுப் படியுங்கள். கண் சேர்த்துப் படித்ததைக் காது சில சமயம் பிரித்துக் கொடுக்கும். அகராதி பார்ப்பதில் தப்பே இல்லை, எனக்கு அகராதி பார்க்காமல் புதிர் இல்லை. ஒரு சொல்லைத் தேடிப் போய் அதே பக்கத்தில் வேறு நாலு சொல்லோடு திரும்பி வருவேன். தேடுபொறியில் குறிப்பை அப்படியே போட்டு விடை பார்ப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

வீட்டில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. நான் வேகமாகச் சிக்கிக்கொள்ளும் இடங்களை என் மனைவி நொடியில் அவிழ்ப்பார். சமையல், துணி, நகை, உறவுமுறை எல்லாம் அவர் பக்கம். இலக்கணமும் பழைய சொற்களும் என் பக்கம். தாளைச் சாப்பாட்டு மேஜையில் திறந்தே வைத்திருப்போம். காலையில் நான் எழுந்து பார்க்கும்போது ஒரு கட்டம் புதிதாக நிரம்பியிருக்கும். இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது எழுதியிருப்பார்.

அப்புறம் அந்த நாலு காலிக் கட்டங்கள். அவற்றை நினைத்து வருந்த வேண்டாம். விடை வெளிவந்ததும் பார்த்துவிட்டு, அது எப்படி விடையாகிறது என்று பின்னோக்கி யோசியுங்கள். நமக்குத் தெரியாத ஒரு வித்தை அங்கே இருந்திருக்கும், அடுத்த முறை அது நம்முடையது. நான் போட முடியாமல் போன குறிப்புகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். போட்டு முடித்தவை மறந்துவிட்டன, நோட்டில் உள்ளவை எல்லாம் மனப்பாடமாக இருக்கின்றன. தமிழில் இவ்வகைப் புதிர் வேண்டுமென்றால், அமெரிக்காவிலிருந்து வரும் தென்றல் மாத இதழின் பழைய இதழ்களைத் தேடிப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு ஒரு புதிர் என்ற கணக்கே நம் வேகத்துக்கு ஏற்றது.

நாளைக்கு அலுவலகத்துக்குக் கொண்டுபோக ஒரு குறிப்பு எழுதித் தருகிறேன். பக்கத்து இருக்கைக்காரரிடமும் காட்டுங்கள். “ஒன்றுக்கு மேற்பட்ட சோதிடர் எட்டிப் பார்க்குமிடம் (4)”. சோதிடருக்குச் சங்க காலத்திலிருந்து ஒரு பெயர் உண்டு என்பதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டேன். மூன்று நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.